குளிர்காலத்தில் பனி ஆந்தையைத் தேடிப் பார்ப்பது: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதல்முறை பனி ஆந்தை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஏமாந்து திரும்புகிறார்கள். யாரோ நேற்றுப் பார்த்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நடுப்பகலில் போய் இறங்கி, மரம் மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டு, “இங்கே ஒன்றும் இல்லை” என்று வண்டியைத் திருப்புவார்கள். அவர்கள் கடந்து வந்த வயலிலேயே ஆந்தை உட்கார்ந்திருக்கும்.

இந்த வழிகாட்டி கனடாவின் தெற்குப் பகுதியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் தேடுகிறவர்களுக்கானது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கு படிகள் வீட்டிலேயே முடிய வேண்டியவை. அவற்றைத் தாண்டிக் குதித்தால் ஆறாவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

1. எந்த மாதம், எந்தக் குளிர்காலம்

பனி ஆந்தைகள் ஆர்க்டிக் துந்திராவில் குஞ்சு பொரிப்பவை. நவம்பர் நடுவிலிருந்து தெற்கே வரத் தொடங்கும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும்தான் நம்பிப் போகக்கூடிய மாதங்கள். மார்ச்சில் வடக்கே கிளம்ப ஆரம்பிக்கும். சில மட்டும் ஏப்ரல் வரை தங்கும்.

நவம்பரில் முதல் செய்தி கேட்டதும் ஓடாதீர்கள். அப்போது தென்படும் பறவைகளில் பல வழிப்போக்கர்கள். இன்று இருக்கும் இடத்தில் நாளை இருக்காது. ஒரு வயல்வெளியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கிவிட்ட பறவையைத் தேடுவதுதான் புதியவருக்குச் சுலபம். அதற்கு டிசம்பர் இரண்டாம் பாதி வரை பொறுங்கள்.

எல்லாக் குளிர்காலமும் ஒன்றல்ல. வடக்கே லெம்மிங் என்ற சிறு கொறிவிலங்கு பெருகும் கோடையில் ஆந்தைகள் நிறைய முட்டையிடும்; ஒரு கூட்டில் பதினொன்று வரைகூடப் போகும். லெம்மிங் இல்லாத வருஷம் முட்டையே இடாமலும் இருந்துவிடும். 2013 கோடையில் வட கியூபெக்கில் ஒரு கூட்டைச் சுற்றி 70 லெம்மிங்குகளும் 8 வோல் எலிகளும் வேலி கட்டினாற்போல் அடுக்கிக் கிடந்ததைப் படமெடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஆந்தைகள் தெற்கே வெள்ளமாக இறங்கின. ஒன்று ஃபுளோரிடா வரை போனது. பெர்முடா தீவிலும் பார்த்தார்கள்.

“அங்கே பசி தாங்காமல் இங்கே வருகின்றன” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வருஷம் பிடித்து எடைபோட்ட பறவைகளில் பெரும்பாலானவை நல்ல ஆரோக்கியத்தில் இருந்தன. வந்தவை பெரும்பாலும் அந்தக் கோடையில் பிறந்த இளசுகள்.

இது உங்களுக்கு எதற்கு? வெள்ளமாக வரும் வருஷத்தில் உங்களுக்குப் பக்கத்திலுள்ள ஏரிக்கரை, துறைமுகம், விமான நிலையத்தைச் சுற்றிய வெளி என எதையும் முயன்று பார்க்கலாம். சாதாரண வருஷத்தில் வழக்கமாக வரும் இடங்களுக்குப் போனால்தான் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் இ-பேர்ட் (eBird) என்ற, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இணையதளத்தில் உங்கள் மாகாணத்துப் பதிவுகளைப் பார்த்தாலே இது எப்படிப்பட்ட வருஷம் என்று தெரிந்துவிடும்.

2. இடம்: மரங்களை மறந்துவிடுங்கள்

ஆந்தை என்றாலே பொந்து, கிளை, இருட்டு என்றுதான் நம் மனசு போகும். இந்த ஆந்தை பிறந்து வளர்ந்த ஊரில் மரமே கிடையாது. தெற்கே வந்தாலும் துந்திரா போலத் தெரியும் இடத்தைத்தான் தேடிப் பிடிக்கும். தட்டையாக, திறந்தவெளியாக, எல்லாப் பக்கமும் பார்வை போகிற இடம் வேண்டும். நடுவே கொஞ்சம் மேடாக ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

அப்படிப்பட்ட இடங்கள் நான்கு வகை: அறுவடை முடிந்த பெரிய வயல்வெளி, கடலோர மணல்மேடு, பெரிய ஏரிகளின் அலைதடுப்புச் சுவரும் துறைமுகமும், விமான நிலையம். பாஸ்டனின் லோகன் விமான நிலையத்தில் நார்மன் ஸ்மித் என்பவர் 1981 முதல் பனி ஆந்தைகளைப் பிடித்து, விமானங்களுக்கு எட்டாத கடற்கரைகளில் கொண்டுபோய் விட்டுவந்திருக்கிறார். ஓடுபாதையை அவை அவ்வளவு விரும்புகின்றன. நீங்கள் ஓடுபாதைப் பக்கம் போக முடியாது. சுற்றுச்சாலையில் அனுமதியுள்ள இடத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்குச் சில இடங்கள். ஒன்டாரியோவில் கிங்ஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள ஆம்ஹர்ஸ்ட் தீவு. சஸ்காட்செவனில் சஸ்கட்டூனைச் சுற்றிய புல்வெளிகள். மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் ரட்யார்ட், பிக்ஃபோர்ட் வட்டார வயல்கள். மினசோட்டா, விஸ்கான்சின் எல்லையில் டுலூத், சுப்பீரியர் துறைமுகம். மாசசூசெட்ஸில் பிளம் தீவும் சாலிஸ்பரி கடற்கரையும். நியூயார்க்கில் ஜோன்ஸ் பீச். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பவுண்டரி பே, வெள்ளமாக வரும் வருஷங்களில் மட்டும்.

2021 ஜனவரியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலேயே ஒன்று வந்து இறங்கியது. 1890க்குப் பிறகு அங்கே அதுதான் முதல் முறை. அதை நம்பிப் பூங்காவில் போய்த் தேடாதீர்கள். அது இறங்கியதுகூடத் திறந்த விளையாட்டு மைதானத்தில்தான்.

ஆம்ஹர்ஸ்ட் தீவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே ஆந்தைகளுக்குப் பேர்போன ஒரு சின்னக் காடு உண்டு. புதியவர்கள் நேராக அங்கேதான் ஓடுகிறார்கள். காட்டில் இருப்பவை வேறு வகை ஆந்தைகள். பனி ஆந்தை அந்தக் காட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கிடக்கிற வயல்களில் இருக்கும்.

3. வழித்தடத்தை வீட்டிலேயே வரைவது

நேற்றைய பதிவின் புள்ளியை நோக்கி வண்டி ஓட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பகலில் அசையாமல் இருக்கும் பறவை இரவில் வேட்டைக்குப் போய்விட்டு, காலையில் வேறொரு மேட்டில் உட்காரலாம். புள்ளியைவிட வட்டாரம் முக்கியம்.

இ-பேர்ட் வரைபடத்தில் கடந்த நான்கைந்து குளிர்காலங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்திருக்கும் வட்டாரம் ஒன்று கண்ணில் படும். அதைச் சுற்றி 15 முதல் 20 கிலோமீட்டர் வரை ஒரு சுற்றுப்பாதை வரையுங்கள். நெடுஞ்சாலையைத் தவிர்த்து, வயல்களுக்கு நடுவே போகும் சிறு சாலைகளாகப் பொறுக்குங்கள். காரணம் எளிது: நீங்கள் மெதுவாகப் போக வேண்டும், அடிக்கடி நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் இரண்டுமே முடியாது.

செயற்கைக்கோள் படத்தில் பாதுகாப்பாக நிறுத்தத் தோதான இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: கல்லறைத் தோட்ட வாசல், சமுதாயக்கூடத்தின் வண்டி நிறுத்துமிடம், அகலமான சந்திப்பு. அங்கே போய் யோசித்தால் எல்லா இடமும் வெள்ளையாகத்தான் தெரியும்.

4. பையும் வண்டியும்

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், 8×42 வகை, போதும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கி) இருந்தால் தேடும் வேலை பாதியாகக் குறையும். வயலின் அந்தக் கோடியில் மொட்டுபோல் உருண்டு தெரியும் வெள்ளை உருவம் ஆந்தையா, பனிக்கட்டியா என்று கிட்டப் போகாமலே தெரிந்துவிடும். இல்லாதவர்கள் ஸ்கோப் வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு ஜோடிக் கண்கள் கூடுதலாகக் கிடைத்தாற்போலவும் இருக்கும்.

உடையில் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். வண்டிக்குள்தானே இருக்கப் போகிறோம் என்று மெல்லிய ஜாக்கெட்டில் வருவார்கள். பார்க்கும்போது ஜன்னலை இறக்கி, ஹீட்டரை அணைத்து வைக்க வேண்டும் (ஏன் என்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்). அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு நடக்கிற உடம்பைவிடச் சீக்கிரம் விறைக்கும். அடுக்கடுக்காகப் போடுங்கள். விரல் மூடிய கையுறைக்குள் ஒரு மெல்லிய கையுறையும் இருக்கட்டும்.

வண்டியில் முழு டேங்க் பெட்ரோல், மண்வெட்டி, கம்பளி, போன் சார்ஜர். கேமரா பேட்டரியை ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். குளிரில் அது சீக்கிரம் இறங்கிவிடும்.

5. நேரமும் வானிலையும்

பனி ஆந்தை பகலில் கண் திறந்திருக்கும் ஆந்தைதான். துந்திராவில் கோடையில் இரவே இல்லாததால் பகல் வேட்டையும் அதற்குப் பழக்கம். ஆனால் குளிர்காலத்தில் இங்கே பகலின் பெரும்பகுதி தூங்கி வழிந்துகொண்டு இருக்கும். அசைவது காலையில் வெளிச்சம் வரும்போதும், சூரியன் இறங்கும் நேரத்திலும்தான்.

இரண்டில் மாலையைத்தான் நான் சொல்வேன். விடியற்காலை இருட்டில், வழுக்கும் சாலையில் போய்ச் சேருவது ஒரு காரணம். இன்னொன்று: மாலையில் பொழுது சாயச் சாய, தாழ உட்கார்ந்திருந்த பறவை வேலிக்கம்பத்துக்கோ மின்கம்பத்துக்கோ ஏறும். மணிக்கணக்காகத் தெரியாமல் இருந்தது தானாகவே கண்ணில் படும்.

டிசம்பரில் தெற்கு ஒன்டாரியோவில் 4:40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆகவே 2 மணிக்குச் சுற்றுப்பாதையில் இருங்கள். முதல் சுற்றில் வயல்களைப் பழகிக்கொள்ளுங்கள். எங்கே வைக்கோல் உருளை, எங்கே வெள்ளை வாளி என்று மனதில் பதியட்டும். இரண்டாவது சுற்றில், முன்பு இல்லாத ஒரு மொட்டு இருந்தால் உடனே உறுத்தும்.

வானிலையில், மேகமூட்டமான நாள் சிறந்தது. வெயில் அடித்தால் பனியின் கூச்சத்தில் கண் சீக்கிரம் ஓய்ந்துவிடும். புதுப்பனி விழுந்த மறுநாள் தேடுவது மிகக் கஷ்டம். பனி பாதி உருகி மண் தெரியும் நாளில் ஆந்தை துணி காயப்போட்டதுபோலத் தெரியும். பலத்த காற்று இருந்தால் உச்சியில் தேடாதீர்கள். மேட்டின் மறைவுப் பக்கத்தில், மண்கட்டிகளுக்கு நடுவே பதுங்கியிருக்கும்.

கடும் குளிரில் பெரிய ஏரிகள் உறைந்ததும் சில வயல்கள் திடீரென்று காலியாகும். பிராஜெக்ட் ஸ்நோஸ்டார்ம் என்ற ஆய்வுக் குழு 2013 டிசம்பர் முதல் ஆந்தைகளின் முதுகில் சிறு ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பின்தொடர்கிறது. சில பறவைகள் உறைந்த ஏரியின் நடுவே வாரக்கணக்கில் தங்கி, பனி வெடிப்புகளில் ஒதுங்கும் வாத்துகளைப் பிடித்துத் தின்பது அப்படித்தான் தெரிந்தது. உங்கள் வயல் காலியானால் கரையோரத்துக்கு மாறுங்கள். பனிக்கட்டி மேல் மட்டும் கால் வைக்காதீர்கள். எந்த ஆந்தைக்காகவும் வேண்டாம்.

6. தேடுவது: மொட்டு எண்ணுதல்

இதுதான் முக்கியமான படி. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டுபவர் தேடக் கூடாது. தேடுபவர் ஓட்டக் கூடாது. தனியாகப் போனால் அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, வண்டியிலிருந்தே பாருங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து வெள்ளை நிலத்தில் வெள்ளைப் பறவையைப் பிடிப்பது அதிர்ஷ்டம். அதை ஒரு முறையாக வைத்துக்கொள்ள முடியாது.

நின்றதும் முதலில் வெறுங்கண்ணால் மேடான பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: வைக்கோல் உருளைகளின் உச்சி, வேலிக்கம்பம், மின்கம்பம், சைலோ என்ற தானியக் கோபுரம், கொட்டகைக் கூரை முகடு, கல் குவியல். இவற்றை முதலில் முடிப்பதற்குக் காரணம், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதுதான்.

அப்புறம் தரை. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பைனாகுலரை வயலின் தொலைதூர விளிம்பில் வைத்து, இடமிருந்து வலம் மெதுவாக ஒரு கோடு போல நகர்த்துங்கள். முடிந்ததும் கொஞ்சம் கிட்டே இறக்கி, வலமிருந்து இடம். ஏர் உழும் உழவுச்சால் போல. நடுவில் கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் தாவினால் வயலின் பாதியைப் பார்க்காமலே “பார்த்துவிட்டேன்” என்று சொல்வீர்கள்.

நீங்கள் தேடுவது ஓர் ஆந்தையின் உருவத்தை அல்ல, ஒரு மொட்டை. கழுத்தில்லாத, அடி அகன்ற, உச்சி உருண்ட மொட்டு. ஒரு பெரிய பால் கேனைப் பனியில் நட்டுவைத்த மாதிரி. அதன் வெள்ளை, பனியின் வெள்ளையிலிருந்து ஒரு துளி வேறுபட்டிருக்கும். பனி நீலம் பூசினாற்போல் இருக்க, சிறகு பாலாடை நிறத்தில் இருக்கும். மேகமூட்ட நாளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சந்தேகமான மொட்டு கிடைத்தால் அதிலேயே மூன்று நிமிஷம் நில்லுங்கள். வாளி தலையைத் திருப்பாது. ஆந்தை எப்படியும் திருப்பும். தலை சட்டென்று முக்கால் வட்டம் சுழலும்போது, அதுவரை வழவழப்பாக இருந்த மொட்டின் நடுவில் இரண்டு கறுத்த கீற்றுகள் வந்து நிற்கும். பாதி மூடிய கண்கள் அவை. அந்தக் கீற்று கொஞ்சம் அகன்றால் உள்ளே மஞ்சள் தெரியும். மூக்கை ஏறக்குறைய முழுதாக முடிபோன்ற சிறகுகள் மூடியிருப்பதால் முகத்தில் வேறெதுவும் இருக்காது.

ஏமாற்றும் பொருள்கள்: பனி ஒதுக்கும் வண்டி தூக்கியெறிந்த கட்டிகள், பிளாஸ்டிக் பை, வெள்ளை வாளி, கால்நடைகளுக்கு வைக்கும் உப்புக்கட்டி, தரையில் உட்கார்ந்த கடற்காகம். கூட வந்த ஒருவர் ஒரு வெள்ளை வாளியை இருபது நிமிஷம் ஸ்கோப்பில் பார்த்து, “தலையைத் திருப்புது, திருப்புது” என்று எங்கள் எல்லோரையும் நம்பவைத்தார். அந்த வாளிக்கு இடப்பக்கம் மூன்றாவது வைக்கோல் உருளையின்மேல் நிஜமான ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மொட்டு கிடைத்ததும் மற்ற மொட்டுகளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அதுதான் அங்கே நடந்த தவறு.

மற்றவர்களின் கண்களையும் கடன் வாங்குங்கள். காகங்கள் வயலில் ஓரிடத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டு திரும்பத் திரும்பத் தாழ இறங்கினால் அங்கே ஏதோ ஒரு வேட்டைப் பறவை உண்டு. கம்பத்தின் உச்சியிலிருந்து சுண்ணாம்பு வழிந்தாற்போல் எச்சக் கோடுகள் இருந்தால், அது வாடிக்கையாக உட்காரும் இடம். மாலையில் திரும்ப வந்து பாருங்கள். காதை நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் இது பெரும்பாலும் வாய் திறக்காது.

7. அதுதானா என்று உறுதிசெய்வது

உட்கார்ந்திருக்கும்போது குழப்பம் குறைவு. பெரிய கொம்பு ஆந்தைக்குத் தலையில் கொம்புபோல் எழும் சிறகுக் கொத்து தெளிவாகத் தெரியும். பனி ஆந்தையின் தலை வழுவழுவென்று உருண்டை. கூகைக்கு இதய வடிவ முகமும் கறுத்த கண்களும். பனி ஆந்தைக்கு மஞ்சள் கண்.

குழப்பம் பறக்கும்போதுதான். மாலையில் வயலுக்குமேல் வெளிறிய ஏதாவது தாழப் பறந்தால் “ஆந்தை!” என்று கத்தத் தோன்றும். குட்டைக்காது ஆந்தை பெரிய வண்ணத்துப்பூச்சிபோல் தத்தித் தத்திப் பறக்கும். ஆண் பூனைப்பருந்து சாம்பல் வெள்ளை. இறக்கை நுனி மை தொட்டதுபோல் கறுப்பு. பனி ஆந்தை இவற்றைவிட மிகவும் கனமானது, இரண்டு கிலோவைத் தொடும், தாண்டும். அந்தக் கனம் பறப்பதில் தெரியும். ஆழமான, நிதானமான இறக்கையடிப்பு. தத்தளிப்பு கிடையாது.

ஆணா பெண்ணா? ஏறக்குறைய முழு வெள்ளையாக இருந்தால் வளர்ந்த ஆண். உடம்பெங்கும் கறுத்த பட்டைகள் இருந்தால் பெண்ணாகவும் இருக்கலாம், இளம் ஆணாகவும் இருக்கலாம். இதற்குமேல் வயலோரத்தில் நின்று அடித்துச் சொல்ல அனுபவம் வேண்டும். தெரியாவிட்டால் பதிவில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே சரி. வெள்ளை என்றாலே ஆண், பட்டை என்றாலே பெண் என்று நிரப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

8. வண்டியை எங்கே நிறுத்துவது, எவ்வளவு தள்ளி நிற்பது

ஆந்தை கண்ணில் பட்டதும் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும். மிதிக்காதீர்கள். அதே வேகத்தில் கடந்து போய், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து, தள்ளி நிறுத்துங்கள். சாலையில் ஓடும் வண்டியை ஆந்தை பொருட்படுத்துவதில்லை. எதிரில் வந்து திடீரென்று நிற்கும் வண்டிதான் அதை உறுத்தும்.

சாலையோரத்தில் ஒதுங்கும்போது கவனம். பனி ஒதுக்கும் வண்டி விட்டுப்போன வரப்பு தட்டையான ஓரம் மாதிரித் தெரியும்; அதன் கீழே பள்ளம் இருக்கலாம். மூன்றாவது படியில் நிறுத்துமிடங்களைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். பண்ணை வாசலை அடைக்காதீர்கள். வயலுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். அது யாருடையதோ நிலம். பனிக்கடியில் குளிர்காலக் கோதுமை முளைத்திருக்கலாம்.

இறங்காமல் இருப்பதற்கு ஆந்தை சார்ந்த காரணமும் உண்டு. வண்டி அதற்கு ஒரு பெரிய பாறை. அதிலிருந்து பிரிந்து இரண்டு காலில் நிற்கும் உருவம் ஆபத்து. இதை நான் கெட்ட விதத்தில்தான் கற்றேன். முதல் குளிர்காலத்தில், மின்கம்பத்தின்மேல் இருந்த ஓர் ஆந்தைக்கு நேர் கீழே நிறுத்திக் கதவைத் திறந்தேன். அது சாலைக்குக் குறுக்கே தாழப் பாய்ந்தது. எதிரே ஒரு லாரி. இரண்டு மீட்டர் தூரத்தில் தப்பியது. அன்றிலிருந்து பறவை இருக்கும்வரை கதவைத் தொடுவதில்லை.

தூரம் என் கணக்கில் குறைந்தது 100 மீட்டர். ஆனால் மீட்டரைவிடப் பறவையைப் படிப்பது முக்கியம். கண் பாதி மூடி, உடம்பு உப்பி, தலை உங்களைத் தாண்டி எங்கோ திரும்பியிருந்தால் நல்லது, அப்படியே இருங்கள். கண் முழுதாகத் திறந்து உங்களையே பார்க்கிறது என்றால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள். உடம்பு நெட்டுக்குத்தாக ஒல்லியாகிவிட்டால், தலை மேலும் கீழும் ஆடினால், இன்னும் மோசம். முன்னால் சாய்ந்து எச்சமிட்டால் அடுத்த நொடி பறக்கும். அப்போது பின்வாங்க நேரமிருக்காது. ஆகவே முதல் முழுக்கண் பார்வையிலேயே பின்வாங்குங்கள்.

“ஒருமுறை பறந்தால் என்ன?” என்று கேட்பார்கள். காலையில் நீங்கள், பத்து மணிக்கு இன்னொருவர், மத்தியானம் ஒரு குழு. பகல் ஓய்வு போகிறது, இரவு வேட்டைக்கு வைத்திருந்த சக்தி போகிறது, பறக்கும் ஒவ்வொரு முறையும் காகங்களும் சாலையும் காத்திருக்கின்றன. அந்தக் கோடையில்தான் பிறந்து, வண்டியையே இப்போதுதான் பார்க்கும் பறவைக்கு இது சின்ன விஷயமில்லை.

இருபது நிமிஷம் பார்த்தால் போதும். ஏற்கெனவே நாலு வண்டி நின்றால் ஐந்தாவதாக நிற்காமல் சுற்றுப்பாதையைத் தொடருங்கள்.

9. படம் எடுப்பது

முதலில் ஹீட்டர். வண்டிக்குள் இருக்கும் சூடான காற்று திறந்த ஜன்னல் வழியாக வெளியேறும்போது குளிர்காற்றோடு கலந்து அலையடிக்கும். படம் தண்ணீருக்குள் எடுத்தாற்போல் குழைந்து வரும். பலர் லென்ஸைக் குறை சொல்லிக் கடைக்கே எடுத்துப் போயிருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் முன்பே ஹீட்டரையும் என்ஜினையும் நிறுத்துங்கள். வெயில் நாளில் வயலுக்குமேலும் கானல் எழும். அதற்கு மருந்து கிடையாது, மாலைவரை பொறுப்பதுதான் வழி.

ஜன்னல் விளிம்பில் அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை வைத்து, அதன்மேல் லென்ஸை வையுங்கள். 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை லென்ஸ் இருந்தால் பறவையைத் தொந்தரவு செய்யாமல் எடுக்கலாம். அதைவிடக் குறைவு என்றால் சுற்றியுள்ள வெளியோடு சேர்த்து எடுங்கள். விரிந்த வெள்ளையில் ஒரு சின்ன மொட்டு இருக்கும் படத்தைத்தான் நான் வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

பனி நிறைந்த காட்சியை கேமரா சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பிளஸ் 1 அளவுக்கு ஏற்றி, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள். வலது சுவரில் முட்டாமல் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். பின்னணி கறுத்த கொட்டகையாக இருந்தால் நேர்மாறாக இறக்குங்கள். இல்லையென்றால் ஆந்தை வெறும் வெள்ளைக் கறையாகிவிடும், சிறகின் ஒரு கோடுகூட மிஞ்சாது.

பறக்கும் படம் வேண்டுமா? கிளப்பிவிடாதீர்கள், ஹாரன், கைதட்டல் எதுவும் வேண்டாம். ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடியில் வைத்துக்கொண்டு அந்தி நெருங்கும்வரை காத்திருங்கள், தானாகவே பறக்கும். கடையில் எலி வாங்கி வயலில் விட்டு ஆந்தையை வரவழைத்துப் படமெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பறவை மனிதனையும் சாலையோரத்தையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கற்றுக்கொள்கிறது, பிறகு வண்டியில் அடிபடுகிறது. அப்படி எடுக்கிற குழுவோடு நிற்காதீர்கள்.

வீடு திரும்பும்போது, குளிரில் இருக்கும்போதே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வீட்டுக்குள் வந்ததும் ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும், லென்ஸில் படியாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். மெமரி கார்டை மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டீர்கள்.

10. பார்த்த பிறகு

பதிவு போடுங்கள், ஆனால் உடனே வேண்டாம். சில நாள் கழித்து, சாலைப் பெயரைச் சொல்லாமல் வட்டாரத்தை மட்டும் சொல்லுங்கள். அன்றே துல்லியமான இடத்தைப் பகிர்ந்தால் மறுநாள் காலையில் அங்கே பத்து வண்டி நிற்கும், நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்காத நாளையும் குறித்துவையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் எந்த வயலைத் தாண்டிப் போகலாம் என்று அதுதான் சொல்லும்.

கீழே விழுந்த சிறகு கிடைத்தால் எடுக்காதீர்கள். அமெரிக்காவில் இடம்பெயரும் பறவைகளின் சிறகை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். செத்த பறவையைக் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் பரவிவரும் காலம்.

தரையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அடிபட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஆரோக்கியமான பனி ஆந்தை நாள் முழுவதும் தரையிலேயே இருக்கும். மீட்பு மையங்களுக்கு இப்படிப் பதறிப்போய் அழைப்பவர்கள் நிறையப் பேர். ஓர் இறக்கை மற்றதைவிடத் தொங்கினால், சாலை நடுவே இருந்தும் நகராவிட்டால், ஆள் கிட்டே வந்தும் கண்ணைத் திறக்காவிட்டால், அப்போது கூப்பிடுங்கள். உள்ளூர் வனவிலங்கு மீட்பு மையத்தின் எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் சேமித்துவையுங்கள். அவர்கள் வரும்வரை தூரத்திலிருந்து கண்காணித்து, இடத்தைச் சரியாகச் சொன்னால் போதும். உணவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், நீங்களாகத் தூக்காதீர்கள். அந்தக் கால் நகங்கள் தடித்த கையுறையையும் துளைக்கும்.